பசை

முதல் வாரம் முழுக்க
எப்சிபாவின் கட்டைவிரலை
அது ஏற்கவேயில்லை.
ஷூ ஒட்டும் பசை காய்ந்து
ரேகை மூடிக் கிடந்தது.
"ஆள் இல்லை" என்றது திரை,
ஆள் எதிரில் நிற்க.

பேர்ணாம்பட்டு பஸ் போய்விடுமென்று
வைதுகொண்டே நின்றோம் வரிசையில்.
சூப்பர்வைசர் இம்தியாஸ் மட்டும்
புது சாஃப்ட்வேருக்குச் சாமரம் வீசினார்.

மாதக் கடைசியில்
சம்பளச் சீட்டில் தெரியாத ஒரு வரி:
ஓவர்டைம்
பத்தொன்பது மணி நாற்பது நிமிடம்.
அவர் நோட்டில் எங்களுக்கு
ஒருநாளும்
ஆறு மணிக்கு மேல் ஆனதில்லை.

இன்று அவரேதான் சொல்கிறார்:
"சர்வர் ரொம்ப ஸ்லோம்மா,
பழையபடி நோட்டுலயே எழுதிக்கலாம்."

ஆம்பூர் பைபாஸில் விளக்கு போட்டாயிற்று.
குழாயடியில் எப்சிபா
தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்க்கிறாள்
கட்டைவிரலை.
பின்னால் நாங்கள் பதினோரு பேர்.

பஸ் போனால் போகட்டும்.