அளவுக்கு ஒரு ஆள்

முப்பத்தொரு கண்ணாடித் தகடுகள்
பிஸ்கட் டின்னில், சீன நாளிதழ் சுற்றி
சூலியா ஸ்ட்ரீட்டில் தியோவின் மாடிக் கடைக்கு வந்தன.
நெகட்டிவ் என்பதால்
கல்லறைகள் கறுப்பு, நிழல்கள் வெள்ளை.
தரையெங்கும் உதிர்ந்த கெம்போஜாப் பூக்கள்
கரித்துண்டுகளாய்க் கிடந்தன.
கணினியில் நிறத்தைப் புரட்டிப் போட்ட பிறகுதான்
நார்தாம் ரோட்டுக்குப் பகல் வந்தது.

இன்னாரின் மனைவி, இருபத்திரண்டு வயது, காய்ச்சல்.
இன்ன கப்பலின் இரண்டாம் மாலுமி, காய்ச்சல்.
ஹானா க்ரைட்டன், பதினேழு நாள்.
அவளுக்குக் காரணம் எழுதவில்லை.
எழுதக் கல்லில் இடம் இருந்தது.

எழுத்து தெரிவதற்காகச்
சுண்ணாம்பு தேய்த்திருக்கிறார்கள்.
தேய்த்த விரல் வழுக்கிய இடத்தில்
மாலுமியின் பெயருக்கு வால் முளைத்திருக்கிறது.

ஒவ்வோர் உறையிலும் பென்சிலில்,
ஆங்கிலத்தில், அவசரமாக:
அளவுக்கு ஒரு ஆள். ஐந்தடி மூன்றங்குலம்.

கல்லுக்கு இடப்பக்கம் நிற்கிறான்.
வேட்டியை மடித்துக் கட்டி,
எந்தத் துரைக்கோ தைத்த சட்டையில்.
தோள்தையல் முழங்கைக்குப் பாதி வழி இறங்கியிருக்கிறது.
கைகளை எங்கே வைப்பதென்று
பத்தொன்பது படங்களிலும் அவனுக்குத் தெரியவில்லை.
ஒன்றில் முதுகுக்குப் பின்னால் ஒளித்திருக்கிறான்.
ஒன்றில் கல்லின் தலைமேல் வைத்து
யாரோ அதட்டியதுபோல் எடுத்திருக்கிறான்.
அங்கே ஐந்து விரலும் புகை.

இருபதாவது தகட்டிலிருந்து வேறொருவன்.
மீசை இல்லை. காது பெரியது.
சட்டை மட்டும் அதே சட்டை.
குறிப்பும் அதே குறிப்பு:
ஐந்தடி மூன்றங்குலம்.

"இவன் குட்டை. சட்டை முட்டி வரைக்கும் வருது பார்"
என்றார் தியோ, கோப்பி ஓவை ஆற்றிக்கொண்டே.
"அளந்து பார்க்கவே இல்லையா?"
பிறகு ஒரு லோரி ஹாரன் அடித்தது,
கீழே வண்டியை நகர்த்தப் போய்விட்டார்.

அபர்டீனிலிருந்து திருமதி டர்னன் எழுதினார்.
குடும்பப் புத்தகத்துக்குப் படங்கள்
மிக நேர்த்தியாக வந்திருக்கின்றனவாம்.
கல் மட்டும் போதும்,
அந்த ஆள் கண்ணை உறுத்துகிறான்,
வெட்டிவிட முடியுமா?

முடியும். அதற்குத்தான் சம்பளம்.
முப்பத்தொன்றையும் வெட்டினேன்.
மிஞ்சிய துண்டுகளை அழிக்கச் சொல்லி யாரும் எழுதவில்லை.
வரிசையாக ஒட்டி வைத்தால்
ஒருவன் பத்தொன்பது முறை வரிசையில் நிற்கிறான்,
அவனுக்குப் பின்னால் ஒருவன் பன்னிரண்டு முறை.
எதற்கான வரிசை என்று தெரியவில்லை.
ரேஷனுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.
ஆஸ்பத்திரிக்கு என்றும்.

ஞாயிற்றுக்கிழமை தையல் டேப்போடு போனேன்.
கொண்டோவின் நிழல் பாதிக் கற்கள்மேல் கிடந்தது.
கொசு. ஈர இலை. சுவருக்கு வெளியே ஹோட்டல் பேருந்துகள்.
மாலுமியின் கல் முன்பு அவன் மார்பு வரை,
இப்போது என் இடுப்புக்குக் கீழே.
மண் ஏறியதா, கல் இறங்கியதா,
அவனைக் கேட்டால்தான் சொல்ல முடியும்.

பின் பன்னிரண்டு கற்களின் கணக்கோ
எதற்கும் ஒத்துவரவில்லை.
தூணாக வெட்டிப் பீடத்தில் ஏற்றியவை,
மண் தொடாதவை,
பதிவேட்டில் அரையடி கூடுதலாக நிற்கின்றன.
முதல் ஆள் வரவில்லை என்பதை
எங்கும் எழுதாததால் வந்த உயரம்.

ஹானாவின் கல்லுக்கு இடப்பக்கம் போய் நின்றேன்.
சுண்ணாம்பு எப்போதோ கரைந்துவிட்டது,
பதினேழு மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது.
பையை இந்தத் தோளில் போட்டேன், அந்தத் தோளில் போட்டேன்.

கேமராவோடு வந்த இளம் தம்பதி
சிரித்தபடி கேட்டார்கள்:
கொஞ்சம் தள்ளி நிற்கிறீர்களா,
கல் மட்டும் வேண்டும்.

தள்ளி நின்றேன்.
ஐந்தடி ஒன்று, செருப்போடு.