ஒற்றைப்படைப் பக்கம்

காலை ஆறு ஐம்பதுக்கு அழைப்பு.
லாரல் தெருவில் ஆளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்,
முகமூடி போட்டிருக்கிறார்கள்,
உங்கள் ஆட்களா?
இல்லை என்றிருக்கிறாள் கட்டுப்பாட்டறை மார்னி.
பிறகு என்னை அனுப்பினாள்
இல்லைதானா என்று பார்த்து வர.

போய்ச் சேர்ந்தபோது
கண்ணாடி கறுத்த மூன்று வண்டிகள் கிளம்பிக்கொண்டிருந்தன.
கடைசி வண்டிக்காரன் ஜன்னலை நாலு விரற்கடை இறக்கி
மத்திய அரசு வேலை, என்றான்.
ஏற்றிக்கொண்டான்.
தெரு முழுக்க ஊதல்கள்.
அவர்கள் போன பிறகும் ஓயவில்லை.
சீருடையில் மிஞ்சியது நான் ஒருவன்தான்,
என்னைப் பார்த்து ஊதினார்கள்.

சலவைக்கடை ஹோதான்,
பதினொரு வருடமாக என் சட்டைகளை வெளுப்பவள்,
ஊதலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்:
நீ எந்தப் பக்கம்?

எங்களுக்குச் சுற்றறிக்கை உண்டு.
உதவவும் கூடாது தடுக்கவும் கூடாது.
நடுவில் நில் என்கிறது.
தெரு நடுவில் நின்றவர்களை
எத்தனை முறை அள்ளி ஏற்றியிருக்கிறேன் நான்.

பழைய நீல டொயோட்டா உறுமிக்கொண்டு நின்றது.
ஓட்டுநர் கதவு திறந்திருந்தது, மேலே ஏணி.
காய்ந்த கண்ணாடியை வைப்பர் தேய்த்துக்கொண்டிருந்தது.
வானொலியில் ஸ்பானிய மொழியில் ஒருத்தி
இன்றிரவுப் பனியை அறிவித்தாள். பத்து அங்குலம்.
சாவியைத் திருப்பினேன். கதவைச் சாத்தினேன்.
அவ்வளவுதான் நான் செய்தது.
வண்டி எண்ணுக்கு வந்த பெயர் எலெயுதேரியோ ஷிக்காய்.
கூரை போடுபவர்.
அபராதம் எதுவும் பாக்கியில்லை.

எங்கள் ஊர் விதி இது:
பனி இரவுகளில், ஒற்றைப்படைத் தேதியென்றால் ஒற்றைப்படைப் பக்கம்,
இரட்டைப்படைத் தேதியென்றால் எதிர்ப்பக்கம்.
நள்ளிரவுக்குள் மாறாத வண்டியை இழுத்துப்போக வேண்டும்.
நாளொன்றுக்கு நாற்பது டாலர்.
மீட்க உரிமையாளர் நேரில் வர வேண்டும்,
அடையாள அட்டையோடு.

பதினொன்றே முக்காலுக்கு ரசீதுப் புத்தகத்தோடு போனேன்.
பொய் சொல்வானேன், எழுதத்தான் போனேன்.

முழங்கால் பனியில் ஒன்பது பேர்.
ஹோதானும் அவள் கடைப் பையன்கள் இருவரும்.
பைஜாமாவுக்கு மேல் கோட்டு போட்ட பாதிரி இங்வால்ட்.
கோழித் தொழிற்சாலையிலிருந்து நேரே வந்த பெண்கள்,
முடிவலையைக்கூடக் கழற்றவில்லை.
கையில் மண்வாரிகள், ஒருத்தியிடம் ரொட்டி சுடும் தட்டு.
சக்கரங்களைத் தோண்டி எடுத்துவிட்டார்கள்.
ஸ்டியரிங்தான் பூட்டிக் கிடந்தது.
எல்லோரும் என் சட்டைப்பையைப் பார்த்தார்கள்.

சாவியை நான் இன்னும் ஒப்படைத்திருக்கவில்லை.
ஏன் என்று கேட்டால்
மறதி என்று சொல்வதாக இருந்தேன்.

திருப்பினேன். ஒரு விக்கல், பிறகு ஒன்றுமில்லை.
காலையில் விளக்கை அணைக்காமல் போயிருக்கிறேன்;
பாட்டரியைக் கொன்றது நான்தான்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
பின்னால் போய்த் தோள் கொடுத்தார்கள்.

குள்ளமான மனிதராக இருக்க வேண்டும் ஷிக்காய்.
முழங்கால்கள் ஸ்டியரிங்கில் இடிக்க
மடங்கி உட்கார்ந்தேன்.
இருக்கையைப் பின்னே தள்ளும் நெம்புகோல் கையில் பட்டது,
இழுக்கவில்லை.
அவர் வந்து உட்கார்ந்தால்
பெடல் எட்ட வேண்டும்.

பனியில் சாலை மறந்த ஒரு படகைப் போல
குறுக்கே நகர்ந்தோம்.
எதிரே வந்த உப்பு லாரிக்காரன் நின்று
விளக்கைத் தாழ்த்தினான்.

பன்னிரண்டு மணி ஒரு நிமிடம் என்று பதிந்தேன்.
வாகனம் விதிப்படி நிற்கிறது.
பக்கம் என்ற கட்டத்தில்
ஒற்றைப்படை.
உதவி என்ற கட்டம் அந்தத் தாளில் இல்லை.

ஹோதான் நன்றி சொல்லவில்லை.
கையுறையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:
நாளை ராத்திரி மறுபடி மாற்ற வேண்டும்.
சாவியை அவளிடம் நீட்டினேன்.
உன்னிடமே இருக்கட்டும், என்றாள்,
அப்போதுதான் வருவாய்.