எண் பதினாலு

அரை அடிக்கு ஒருமுறை
துளைப்பானை முறுக்கி வெளியே இழுக்கிறேன்.
முதலில் கறுப்பு, நல்ல தோட்டத்துக் கறுப்பு.
புழு ஒன்று நெளிகிறது, புழுவுக்கு என்ன தெரியும்.
அதற்குக் கீழே சாம்பல்.
அதற்கும் கீழே கண்ணாடிபோல் உடைந்த கசடு,
ஈரத்தில் நீலம் காட்டுகிறது.
ஃபெர்னான் பையில் எண் எழுதுகிறான்.
தூறலில் மை இழுகி
பதினாலு பதினேழுபோல் தெரிகிறது.

வால்மெரியில் துத்தநாகம் உருக்கிய ஆலை
நாற்பது வருடம் முன்பே போய்விட்டது.
புகைபோக்கியைச் சாய்த்த அன்று
மேஸ் ஆற்றின் அக்கரையில் ஊரே நின்று பார்த்ததாம்.
விழுந்த இடத்தைச் சமன்செய்து
ஆளுக்கு நாலு சென்ட் என்று
தோட்டம் பிரித்துக் கொடுத்தார்கள்.

வேலியோரம் மஞ்சளாய்ச் சிறு பூ.
துத்தநாகம் ஏறிய மண்ணில்தான் அதற்குப் பிழைப்பு.
நிலத்தைப் பூவால் அழைத்தவர்கள்
இங்கே வந்திருந்தால்
இதற்கும் ஒரு திணை வகுத்திருப்பார்கள்.
உரிப்பொருள்: இருமல்.
ஆய்வகத்துக்கு முன்பே எங்களிடம் சொன்னது அந்தப் பூதான்.
அறிக்கையில் பூவைச் சான்றாகச் சேர்க்க முடியாது.

எண் பதினாலு, நெரிமானின் பாத்தி.
கேள்வித்தாளை விரிக்கிறேன்.
வாரத்தில் எத்தனை நாள் வருவீர்கள்?
விளைந்ததில் எவ்வளவு உண்பீர்கள்?
பேருந்து ஓட்டுகிறாள் அவள்,
இரவு முறை முடிந்தால் நேரே இங்கேதான்.
"எவ்வளவா? மிச்சம் வைத்தால்தானே அளக்க" என்கிறாள்.
மகன் தோருக், மூன்று வயது,
ஒரு செருப்பில் மண்ணை நிரப்பி
மறு செருப்புக்கு மாற்றுகிறான்.
பிறகு விரலைச் சப்புகிறான்.

அட்டவணை சொல்கிறது,
ஒரு குழந்தை ஒரு நாளில்
நூறு மில்லிகிராம் மண் தின்னும்.
ஒரு சிட்டிகைகூட இல்லை.
அதை நாளால் பெருக்கி, எடையால் வகுத்து
ஈயத்துக்கு ஒரு கட்டம், காட்மியத்துக்கு ஒரு கட்டம்.
தோருக்கின் எடை கேட்டேன்.
"பதினாலு கிலோ. போன மாதம். இப்போது கூடியிருப்பான்"
என்றாள், பெருமையாக.
கூடினால் நல்லது. வகுக்கும் எண் பெரிதாகும்.
அதைச் சொல்லவில்லை.

கிளம்பும்போது ஒரு கட்டுக் கீரை தந்தாள்,
சிவந்த தண்டு, கைக்குக் கனமாக.
வேண்டாம் என்று சொல்ல
என்னிடம் இன்னும் எண்கள் இல்லை.
வியாழக்கிழமை இரவு
பூண்டு தட்டிப் போட்டு வதக்கித் தின்றேன்.

திங்கட்கிழமை எண்கள் வந்தன.

கூட்டம் பள்ளி உணவறையில்.
நகராட்சிக்காரர் "உடனடி ஆபத்து எதுவும் இல்லை" என்று
மூன்று முறை சொன்னார்,
மூன்றாம் முறைக்குமுன் தண்ணீர் குடித்தார்.
முன்வரிசையில் ஊர்பேன் எழுந்து
முப்பது வருடமாய்த் தின்கிறேன், பாருங்கள் என்று
கைகளை அகல விரித்துக் காட்டினார்.
அவை நடுங்கின.
எல்லாருக்கும் அப்போதுதான்
சுவரில் மாட்டிய பிள்ளைகளின் ஓவியம் கண்ணில் பட்டது.

நெரிமான் கேட்டது ஒன்றுதான்.
"கழுவினால் போகாதா?"
மேலே ஒட்டியது போகும், உள்ளே ஏறியது போகாது என்றேன்.
சொல்லும்போது என் கை
என் வயிற்றின்மேல் இருந்தது.

இரத்தம் எடுக்க வரிசையில் நின்றார்கள் பிள்ளைகள்.
தோருக் அழவில்லை.
செவிலி தந்த மிட்டாயைக்
கழுவாத கையால் வாங்கினான்.

அக்டோபரில் லாரிகள்.
ஒரு முழ ஆழம் வழித்தெடுத்து
எங்கோ கொண்டுபோனார்கள். எங்கே என்பது வேறொரு கோப்பு.
புது மண் வந்து குவிந்தது, மாநிறம்.
நெரிமான் சீருடையோடு வந்து
ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள்.
"இது எந்த ஊர் மண்?"
சுத்தமானது, சான்றிதழ் இருக்கிறது என்றேன்.
"அது சரி. எந்த ஊர்?"

லாரி ஓட்டுநரிடம் சீட்டை வாங்கிப் புரட்டினேன்.
எடை இருந்தது. வண்டி எண் இருந்தது.
வேலியோரம் பார்த்தேன், பூ இல்லை.
அதையும் சேர்த்தே வழித்திருந்தார்கள்.