ஒரு மூடி கூட

"புதுசு ஆயிரத்து நூற்றைம்பது.
கழுவித் தாறதெண்டால் நூறு."
அட்டையில் எழுதி
கண்ணாடி அலுமாரியில் ஒட்டியிருக்கிறேன்.
என்றாலும் கேட்பார்கள்,
கடற்காற்றில் எழுத்துக் கரைந்து போனதுபோல.

ஜமாலியாப் பக்கம் போகிற ரோட்டில் கடை.
பலகையில் பெயரில்லை.
பிளக் அக்கா என்றால் படகுக்காரர் காட்டிவிடுவார்கள்.
சொந்தப் பெயர் எமில்டா. அதைக்
கரண்ட் பில் மட்டும் கூப்பிடும்.

பாக்கியநாதர் அந்தக் கிழமை மூன்றாந்தரம் வந்தார்.
உள்ளங்கையில் அதே பிளக்,
அடுப்படிப் பூனையின் மூக்குப்போலக்
கறுத்து, ஈரமாய்.
"இன்னும் ஒருக்காத் துடைச்சுத் தாவன்."

துடைத்தேன்.
பெற்றோலில் ஊறவிட்டு, பித்தளைத் தூரிகையால்.
இரும்புக் கம்பி தொடமாட்டேன்:
வெள்ளைப் பீங்கானில் அது பென்சில்கோடு கீறும்,
பொறி அந்தக் கோட்டாலே நழுவி ஓடிவிடும்.
மணல் ஊதுகிற மெசினும் வேண்டாம்;
ஒரு குறுமணி இடுக்கில் ஒளித்திருந்தால்
சிலிண்டர் சுவரெல்லாம் கையெழுத்துப் போடும்.
பிறகு இடைவெளி. அளவுத் தகடு
உரசிக்கொண்டு போகவேண்டும்,
சனம் நிறைந்த பஸ்ஸில் கொண்டக்டர் போவதுபோல.

கடைக்குள் கிடக்கும் ஓட்டை எஞ்சினில் சாய்த்து வைத்துக்
கயிற்றை இழுத்தேன். நீலப் பொறி.
"பார், சாகேல்லை" என்றார்.

சாகவில்லைதான்.
ஆனால் வெளியில் வெடிக்கிற பொறி
உள்ளே, அமுக்கத்துக்குள், வாய் திறக்காது.
கடைவாசலில் வீரம் பேசிவிட்டு
வங்கி மனேசருக்கு முன்னால்
தொண்டை அடைத்த ஆட்களை எனக்குத் தெரியும்.
ஒருதரம் நானும்.

"புதுசு போடுங்கோ."
விற்கிறவள் சொன்னால் யார் நம்புவார்?
மீன்செதில் ஒட்டிய தாள்களாய்
எண்ணி வைத்தார்.

இரண்டே நாள்.
புதுசும் கறுத்து வந்தது. அதே ஈரம், அதே மூக்கு.
இரண்டையும் மேசையில் வைத்தேன்.
நூறும் ஆயிரத்து நூற்றைம்பதும்
இரட்டைப் பிள்ளைகள்போலக் கிடந்தன.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் பிளக்கைப் பார்த்தேன்.

"ஒயில் எவ்வளவு விடுறியள்?"

கதை இல்லை. வெளியே ஐஸ் லொறி ஒன்று
சொட்டிக்கொண்டு போனது.

"அளவாத்தான்."
பிறகு,
"ஒரு மூடி கூட."

மெல்ல மெல்லத்தான் மிச்சம் வந்தது.
போன கார்த்திகை, புறாமலைக்கு வெளியே,
எஞ்சின் இறுகி நின்றது.
நீவாடு தெற்கே இழுத்தது.
மச்சானும் அவருமாய் இரண்டு இரவு,
ஐஸ்பெட்டியின் மீன்மணத் தண்ணீரைச்
சாரத்தில் வடித்துக் குடித்துக்கொண்டு.
ஒயில் குறைந்துதான் இறுகியது என்று
கரைக்கு வந்தபிறகு யாரோ சொன்னார்கள்.
அன்று தொடக்கம் ஒவ்வொரு தாங்கிக்கும்
ஒரு மூடி கூட.
மச்சானுக்குத் தெரியாமல், முதுகைத் திருப்பிக்கொண்டு,
நேர்த்திக்கடன்போல.

அந்தச் சாமான் என் அலுமாரியில் இல்லை.

மகனின் இருமல் மருந்துப் போத்தலைக் கழுவி
நெயில் பொலிஷால் சிவப்புக் கோடு போட்டேன்.
"இதுக்கு மேல ஒரு சொட்டும் வேண்டாம்."
துடைத்த பழசைப் பொலித்தீனில் சுற்றிக்
கூடவே வைத்தேன்:
நடுக்கடலில் நின்றால்
கரைவரைக்கும் கொண்டுவந்து விடும், அவ்வளவும் போதும் அதுக்கு.

பதினொரு நாள் வரவில்லை.
என் தொழிலில் ஒருவர் வராமல் விட்டால்
நல்ல சேதி. கடலோரத்தில்
அது வேறு சேதியாகவும் இருக்கலாம்.
ஐந்தாம் நாளிலிருந்து
ரோட்டைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

வந்தார். ஒரு கையில்
ஈர உரப்பைக்குள் பாரைத் துண்டு.
மறுகையில் பிளக்:
பால் குறைந்த தேத்தண்ணி நிறம்.

"கோடு மட்டுக்கும்தானே?"

"கோடு மட்டுக்கும்தான்" என்றார்.
பையை மேசையில் வைத்தார்.
"அதுக்கு மேல
அரை மூடி."

அன்று நான் ஒன்றும் விற்கவில்லை.