தவறு எண் 4417

மாரத்தஹள்ளி, ஆறாவது மாடி, இரவு மணி இரண்டரை.
நேரில் ஒருமுறைகூட நான் பார்த்திராத ஆட்டத்தில்
ஓர் ஆளின் கையை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.
கேட்ச்சர், தடுப்புத் திறன்: நாற்பது.
அதை அழித்துவிட்டு எண்பது.
வேறெதையும் தொடவில்லை.
பிட்ச்சரின் வேகம் அதே, வளைவு அதே,
கட்டுப்பாடு அதே அரைகுறை ஐம்பத்திரண்டு.

ஆயிரம் சீசனை ஓடவிட்டு
காபி இயந்திரம்வரை போய்த் திரும்புவதற்குள்
ஆயிரம் கோடைகள் முடிந்துவிடுகின்றன.
ஆட்டத்துக்கு நாலரை ரன் கொடுத்தவன்
நாலுக்கு இறங்கியிருக்கிறான்.
விளிம்பை உரசி வரும் பந்தைக்
கையுறை அலுங்காமல் வாங்க
நடுவரின் கை உயர்கிறது.
முதல் தளத்தில் நிற்பவன் ஓடப் பார்க்கிறான்,
ஓடவில்லை.
மண்ணில் குத்தும் பந்தைத் துணிந்து வீசுகிறான் பிட்ச்சர்
என்று நானாகச் சொல்லிக்கொள்கிறேன்.
உள்ளே துணிவு என்று எதுவும் இல்லை.
ஒரு பெருக்கல், அதன்பின் ஒரு கூட்டல்.
விருது பிட்ச்சருக்கு, முப்பத்தொரு முறை.
கேட்ச்சரின் வரியில்
அதே நோஞ்சான் பேட்டிங் சராசரி.

பிறகுதான் கண்ணில் பட்டது.
நூற்று அறுபத்திரண்டு ஆட்டமும்
அவனே குந்தியிருக்கிறான்.
ஏப்ரலில் எண்பது. செப்டம்பரிலும் எண்பது.
மனிதனுக்கு முட்டி என்று ஒன்று இருப்பது
நிரலுக்குத் தெரியாது.

பதிந்தேன்:
"கேட்ச்சர் களைப்பதில்லை.
அதனால் பிட்ச்சரும் கெடுவதில்லை."
அக்கரையில் அவர்களுக்குப் பட்டப்பகல். உடனே பதில்.
"வடிவமைத்தபடியே இயங்குகிறது.
முக்கியத்துவம்: குறைவு."

விடிந்து மர்ஃபி டவுனில் வண்டியை விட்டு இறங்கினால்
வாசலில் தம்பி காணிக்கைராஜ்
சுண்டுவிரலுக்குப் பிளாஸ்திரி சுற்றுகிறான்.
சனிக்கிழமை டென்னிஸ் பந்து டோர்னமெண்ட்.
இவன்தான் கீப்பர்.
போன மாதம் பிசகிய விரல்
இன்னும் வெளிப்பக்கமாகவே பார்க்கிறது.
செருப்பைக் கழற்றாமலே கேட்டேன்,
நீ ஒழுங்காப் பிடிக்கலைன்னா
பௌலர் மாத்திப் போடுவானா?

"யாரு, சையதா?
போன மேட்ச்ல ரெண்டு பந்தை விட்டேன், ரெண்டும் பவுண்டரி.
அப்புறம் அவன் யார்க்கரே போடலை.
கேட்டா, பந்து நனைஞ்சிருச்சாம்."
பிளாஸ்திரியைப் பல்லால் கடித்து அறுத்தான்.
"மழையே வரலை."

திங்கள் இரவு 4417-ஐ மறுபடி திறந்தேன்.
'மீண்டும் நிகழ்த்திக் காட்டும் முறை' என்ற கட்டத்தில்
சையது, சுண்டுவிரல், வராத மழை
எல்லாவற்றையும் எழுதினேன்.
வாசித்துப் பார்த்தேன்.
அழித்துவிட்டு எண்களை மட்டும் விட்டேன்.
'குறைவு' என்றிருந்ததை
'நடுத்தரம்' ஆக்கினேன்.
அதுவரைக்கும் எனக்கு அனுமதி இருக்கிறது.