ஐந்து பதினாறு

ஜூலை பிறந்தால் போதும்,
ஓலமோட்ஸ் நகரில் யார் கண்ணிலாவது
ரீங்காரச் சிட்டு பட்டுவிடும்.

அருங்காட்சியகத்தின் மூன்றாம் மாடியில்
குண்டூசிகள், கற்பூர நெடி, ஒரு தொலைபேசி.
அதை எடுப்பது என் வேலை.
"இது என்ன, சொல்லுங்கள்" என்பார்கள்,
காணாமல்போனவரைப் பற்றிக்
காவல் நிலையத்தில் கேட்கும் குரலில்.

போன வாரம் ஒருத்தி:
மஞ்சள் பட்டை, கட்டைவிரல் பருமன்,
கதண்டுதான், கைக்குழந்தை இருக்கிற வீடு.
சிறகு எத்தனை என்றேன்.
எண்ணுகிற வரைக்கும் நிற்கவேண்டுமே என்றாள்.
புதினாப் பூவில் நின்றது.
இரண்டு.
கதண்டுக்கு நான்கு. இது வேஷம் கட்டிய ஈ.
கொட்டத் தெரியாது, மிரட்டத் தெரியும்,
எங்கள் துறைத்தலைவரைப்போல
என்று நான் சொல்லவில்லை.

செவ்வாய் மாலை அழைத்தவர் லுபோர் ஹனாக்.
"ஃப்ளாக்ஸ் செடியில் ரீங்காரச் சிட்டு.
தப்பி வந்திருக்கிறது."
எங்கிருந்து?
"கூண்டிலிருந்து. வேறெங்கிருந்து?"

தலையில் இரண்டு மீசை தெரிகிறதா?
"தெரிகிறது."
பூவை விட்டு விலகும்போது அலகு என்ன ஆகிறது?
சரளைக்கல்லில் செருப்புச் சத்தம்.
மூச்சு.
"சுருண்டுகொள்கிறது" என்றார்,
"கடிகார வில் மாதிரி."
பறவைக்கு அலகு சுருளாது, ஐயா.
அது அந்துப்பூச்சி.

அந்தச் சொல் போய்
அவர் பாத்தியில் பொத்தென்று விழுந்தது
எனக்குக் கேட்டது.
"என் கம்பளிக்கோட்டைத் தின்னுமே, அதுவா?"
அதற்குத் தூரத்துச் சொந்தம். பகலில் பறக்கும்.

கேட்காமலேயே அடுக்கத் தொடங்கினேன்:
தெற்கே கடலோரத்தில் பிறந்திருக்கும்,
ஆல்ப்ஸ் மலையைத் தாண்டியிருக்கலாம்,
ஓர் உலர்திராட்சையின் எடைகூட இல்லை,
அலகு என்று நீங்கள் பார்த்தது நாக்கு.
வைத்துவிட்டார்.
படிவத்தில் எழுதினேன்:
பறவை அல்ல. முடிந்தது.

புதன்கிழமை,
பையைத் தோளில் மாட்டும்போது மணி அடித்தது.
"வந்துவிட்டது.
திங்கள் ஐந்தேகால். நேற்றும் ஐந்தேகால்.
இன்று ஐந்து பதினாறு."
அதன் லத்தீன் பெயர் வேண்டுமானால் —
"பெயர் கிடக்கட்டும் அம்மா.
முப்பத்தொரு வருஷம்
நான்காம் எண் டிராம் ஓட்டியவன் நான்.
ஒரு நிமிஷம் தாமதம்.
மலைமேல் காற்றா?"

தெரியவில்லை என்றேன்.
இந்த நாற்காலியில் உட்கார்ந்து
அதுவரை நான் சொல்லாத பதில்.

பிறகு, ஏனோ, பதினேழாம் இழுப்பறையைத் திறந்தேன்.
நாற்பத்திரண்டு உடல்கள், விரித்த சிறகோடு.
ஒவ்வொன்றின் அடியிலும் சீட்டு:
ஊர், தேதி, பிடித்தவர் பெயர்.
எதிலும் மணி இல்லை.

அவருடைய படிவத்திலும்
அதற்கொரு கட்டம் இல்லை.
ஓரத்தில், பென்சிலால், எழுதினேன்.
கீழே என் டிராம்
நான் இல்லாமல் புறப்பட்டது,
சரியான நேரத்துக்கு.