ஒரு ரா போதும்

எழுத்துக்கு நானூற்று ஐம்பது ரூபாய்.
புள்ளி வைத்ததற்கும் அதே விலைதான் என்றேன்.
ஐந்து ரோட்டில் அப்போது
பாலத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.
தூசியோடு உள்ளே வந்த இரண்டு பேரும்
தாளை நீட்டினார்கள்:
சந்திரா ராபர்ட் தட்டுவடை செட்.

அவள் விரல் விட்டு எண்ணினாள்.
"நடுவுல ரா ரெண்டு வாட்டி வருதுங்களே.
ஒரு ரா போதும்."
அவன் ஏற்காட்டுக்காரன்,
எஸ்டேட் லாரியில் காப்பி மூட்டை ஏற்றியவன்.
காது வரை சிவந்து சிரித்தான்.

சந்திராபர்ட்.
சிவப்பு அக்ரிலிக், உள்ளே எல்இடி.
எந்த ஊர் சாமி, எந்த நாட்டுத் துரை என்று
சாப்பிட வந்தவர்கள் கேட்டார்கள்.
'சந்திரா பட்டு' என்று படித்துவிட்டு
சேலை விலை விசாரித்த அம்மாப்பேட்டைக்காரி ஒருத்தி
இரண்டு செட் தின்றுவிட்டுப் போனாள்.

பத்தாவதில் நான் தமிழில் இரண்டு முறை பெயில்.
தோன்றல், திரிதல், கெடுதல்.
என்ன வரிசையில் வரும் என்பது மட்டும்
இன்னும் மறக்கவில்லை.

ஏழு வருஷம் கழித்து தனியாக வந்தாள்.
"அவரு பேரை எடுத்துருங்க."
எதுவரைக்கும் அவர் பேர் என்று
நான் கேட்கவில்லை.
ஏணி போட்டு
ப, ர், ட்
மூன்றையும் நெம்பினேன்.
வெயில் படாத சுவரில்
பழைய பெயின்ட் நிறத்தில்
முன்னைவிடத் தெளிவாக இருந்தது பர்ட்.

அன்றைக்கே இருட்டியதும் போன்.
"வந்து பாருங்க, மானம் போகுது."

ரா எரியவில்லை.
மாட்டிய அன்று யோசிக்காமல்
ராவை அந்தப் பக்கத்து வயரில் சேர்த்திருக்கிறேன்.
பானாவைக் கழற்றும்போது அதையும் வெட்டியிருக்கிறேன்.
ஐந்து ரோடும் பார்க்க
சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது
சந்தி.

"சந்தி சிரிக்கும்னு எங்கம்மா சொல்லிச்சு,"
என்றாள் சந்திரா,
"நான் காசு குடுத்து லைட்டே போட்டுட்டேன்."
சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள்.
ஒரு தட்டையில் சட்னி தடவி,
பீட்ரூட்டும் வெங்காயமும் அள்ளி வைத்து,
இன்னொன்றால் மூடி என்னிடம் நீட்டினாள்.
"காலைல பாத்துக்கலாம், சாப்பிடுங்க."

அடுத்த வாரம் ராபர்ட்.
"என் எழுத்தைக் குடுங்க."
ஜவுளிக்கடைப் பையில் போட்டு வைத்திருந்தேன்.
பைக்குள் கைவிட்டுத் துழாவினான்.
"ரா?"
"அங்கதான் மாட்டியிருக்கு."
"அது எனக்கும்..." என்று ஆரம்பித்தவன்
மூக்கைத் துடைத்துக்கொண்டான்.
புதிதாக ஒன்று செய்யச் சொல்லி
நானூற்று ஐம்பதை மேசையில் வைத்தான்.
இப்போது ரேட் அறுநூறு.
சொல்லவில்லை.

ஏணியைக் கட்டிக்கொண்டு
இருபது வளைவும் ஏறினேன்.
ஏற்காடு என்றது மஞ்சள் பலகை.
ஏரி இருக்கிறது, காடும் இருக்கிறது.
ரியில் இருந்த கொம்பு
எந்த வளைவில் விழுந்ததோ.
கொடு என்று கேட்டு
இதுவரை யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

படகுத்துறைக்கு எதிரே தகரக் கடை.
காப்பித்தூள், மிளகு, அவித்த கடலை.
மாட்டி முடித்துக் கீழே இறங்கிப் பார்த்தால்
ரா மட்டும் ரத்தச் சிவப்பு.
பர்ட், சேலத்து வெயில் குடித்த வெளிர் ரோஸ்.
"ரெண்டு ஆளு பேரு மாதிரி இருக்குது,"
என்றது கடலை வாங்க வந்த பிள்ளை.

டீ ஊற்றிக் கொடுத்தான்.
பனியைப் பார்த்தபடி கேட்டான்:
"அங்க அது எரியுதா?"
எது என்று நான் கேட்டிருக்கலாம்.
காலையில் பார்க்கலாம் என்றவள்
கூப்பிடவே இல்லை.
ஆட்டோக்காரர்கள் இப்போது
சந்திக் கடை என்றுதான் சொல்கிறார்கள்,
கூட்டமும் கூடியிருக்கிறது.

"எரியுது," என்றேன்.

இறங்கும்போது பதினான்காவது வளைவில்
வண்டியை ஓரங்கட்டி
சீட்டுக்கு அடியில்
இரண்டு முழம் வயர் கிடக்கிறதா என்று
தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.